மாவு மில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்

அந்தத் தெருவில் யாராவது வழி கேட்டால், "நேரா போங்க, மாவு மில் சத்தம் கேக்கும், அதுக்கு அடுத்த சந்து" என்றுதான் சொல்வார்கள். தபால்காரர், தண்ணீர் வண்டிக்காரர், புதிதாகக் குடி வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம்தான் அடையாளம். அது காதில் விழாத ஆட்கள் தெருவிலேயே மூன்று பேர்தான் இருந்தார்கள். மில்காரர், அவர் மனைவி, அவர்கள் மகள். முன்னால் மில், பின்னால் வீடு, நடுவில் ஒரு பலகைச் சுவர். காலையில் மோட்டாரைப் போட்டால் பொழுது சாயும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். இருபது வருஷமாகக் கூடவே இருக்கிற சத்தத்தை யார் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

மில்லுக்குள் வாயால் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்தால் இன்னும் நைசாக அரைக்க வேண்டும். முஷ்டியைச் சுற்றினால் மோட்டார், அதையே விரித்துக் காட்டினால் நிறுத்து. வயிற்றில் கை வைத்தால் சாப்பாடு. கல்யாணமான புதிதில் மனைவி இதற்கு முகம் சுளித்தாள். "ஊமை வீட்டுக்கா என்னைக் கட்டிக் கொடுத்தாங்க" என்று அழுதுகூடப் பார்த்தாள். பிறகு அவளே புருஷனை மிஞ்சிவிட்டாள். ஒரு கையால் சாக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையாலேயே நாத்தனார் வீட்டு வம்பு முழுவதையும் சொல்லி முடித்துவிடுவாள். மகளுக்கோ நாக்கு புரள்வதற்கு முன்பே கை பேசப் பழகிவிட்டது. பசி, தலைவலி, பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறேன், எல்லாம் கையில்தான். பதின்மூன்று வயதிலும் வீட்டில் அவள் பெயர் குட்டிதான்.

போன மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஈரத்தில் தானியம் வராத நாள், மில்லுக்கு வேலை குறைவு. மேலெல்லாம் தட்டிவிட்டும் புருவத்தில் வெள்ளை போகாமல் மில்காரர் வகுப்பு டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"அட்டெண்டன்ஸ் எடுத்தா கையைத் தூக்குறா. வாயைத் திறந்து பதில் சொல்லமாட்டேங்கிறா" என்றார் டீச்சர். "கேள்வி கேட்டா எழுந்து நிக்கிறா. முதல் எழுத்து வாயில மாட்டிக்குது. கண்ணு கலங்கிடுது. மத்த பிள்ளைங்க சிரிக்குதுங்க. அதுங்களை நான் அதட்டித்தான் வைக்கிறேன். வீட்ல எப்படிப் பேசுவா?"

"நல்லாத்தான் பேசுவா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வழியெல்லாம் அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. கடைசியாக அவள் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லிக் கேட்டது எப்போது? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பெற்ற பிள்ளைக்குத் திக்குகிறது என்பதையே அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த வெட்கம் அவரைச் சும்மா விடவில்லை. மனைவியிடம் சொன்னபோது அவள் சலிப்பதை விட்டுவிட்டுச் சல்லடையைக் கீழே வைத்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் கூட்டிப்போனார்கள். வாரம் ஒருமுறை வரச் சொன்னார். "அவசரப்படுத்தாதீங்க. வார்த்தையை நீங்க முடிச்சு வைக்காதீங்க. எங்க பேச அவளுக்குப் பிடிக்குதோ அங்க நிறைய பேச விடுங்க" என்றும் சொல்லி அனுப்பினார். எங்கே பிடிக்கிறது என்பதுதானே தெரியவில்லை.

அது தெரிந்தது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த கேம் சென்டரில். சாயங்காலம் தோழிகளோடு அங்கே போவாள். ஒருநாள் மழை பிடித்துக்கொள்ளவே குடை எடுத்துக்கொண்டு மில்காரர் போனார். பிள்ளைகள் வரிசையாகக் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குரல் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தது. "இடது பக்கம் வாடி. ஓடாத, ஓடாத, நான் பின்னாடி நிக்கிறேன். அவனை விடு, கதவைப் பாரு." யாருடா இது இவ்வளவு அதிகாரம் பண்ணுவது என்று எட்டிப் பார்த்தார். குட்டி. அவள் குரல் கொஞ்சம் கரகரப்பானது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கூப்பிடாமல் குடையை வாசலில் சாத்தி வைத்துவிட்டு நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தார். வழியில் அழுதார் என்றால் அது மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த கேம் சென்டரைத்தான் இந்த மாதம் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் துணிக்கடை வருகிறது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்த பிள்ளைகள் வீட்டிலிருந்தே சேர்ந்து விளையாட ஆரம்பித்தார்கள். குட்டி பள்ளிக்கூடம் விட்டு வந்து தவிடு மூட்டைமேல் உட்கார்ந்தாள். பழையபடி கைதான் பேசியது, அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

"கம்ப்யூட்டர் வாங்கிடலாம்னு பாக்கிறேன்" என்றார் மில்காரர், மோட்டாரை நிறுத்திய பிறகு. அவரும் மனைவியும் ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"படிக்கிறதுக்கா?"

"விளையாடுறதுக்கு."

"ஊர்ல பிள்ளைங்க விளையாடிக் கெட்டுப்போகுதுன்னு அவனவன் கம்ப்யூட்டரைப் பூட்டி வைக்கிறான். நீங்க காசு கொடுத்து வாங்குறேங்கிறீங்க."

"அதுலதானே அவ பேசுறா."

மனைவி ரொட்டியை வைத்துவிட்டாள். "என்கிட்ட பேசாதவ, முகம் தெரியாத மிஷின்கிட்ட பேசினா எனக்கு என்ன?"

"மிஷின்கிட்ட இல்ல, கூட விளையாடுற பிள்ளைங்ககிட்ட."

"எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு, அவ்வளவுதான். என் பொண்ணு குரலை ஊரெல்லாம் கேட்டிருக்கு, நான் கேட்டதில்ல." பிறகு அவளே சொன்னாள். "வாங்குங்க. பின்ரூம்ல வைங்க. அடுப்படியில நின்னாவது கேட்டுக்கிறேன்."

மகளையும் கூட்டிக்கொண்டு அவர் போன பார்ட்ஸ் கடை மேம்பாலத்துக்கு அடியில் இருந்தது. பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து, நல்ல பாகங்களைத் துடைத்துச் சரிபார்த்து விற்கிற கடை. நடத்துகிறவர் ஒரு நடுவயது அம்மாள். நெற்றிக்கு மேல் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன கேம் விளையாடுவ பாப்பா?"

மகள் வாயைத் திறந்தாள். உதடு குவிவதற்குள் மில்காரர் முந்திக்கொண்டார். "சுட்டுப் பிடிக்கிற விளையாட்டுங்க. அஞ்சு பேர் ஒரு கட்சி."

"ஓ, அதுவா. எவ்வளவுக்குள்ள பாக்கிறீங்க?"

அவர் தொகையைச் சொன்னார். புது அரைவைக் கல்லுக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அது. கல் இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எடுத்து வந்திருந்தார். கடைக்கார அம்மாள் சிரிக்கவில்லை, உதட்டை மட்டும் பிதுக்கினார்.

"எல்லாம் புதுசா வேணும்னா இந்தக் காசுக்கு டப்பாவும் வயரும்தான் வரும். பழசுலயே நல்லதாப் பொறுக்கித் தரேன். பொறுமையா உக்காருங்க அண்ணா."

மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். மில்காரர் ஒவ்வொன்றையும் தூக்கி எடை பார்த்தார். கனமில்லாத பொருள்மேல் அவருக்கு எப்போதும் நம்பிக்கை கிடையாது.

"இதுல மோட்டார் எதுங்க?"

"மோட்டாரா?"

"நான் மாவு மில் வச்சிருக்கேன். மோட்டார் எது, கல்லு எதுன்னு சொன்னா எனக்குப் புரிஞ்சிடும்."

"மில்லுலயா வைக்கப்போறீங்க இதை?"

"சேச்சே, வீட்ல. பின்ரூம்ல."

"அப்ப சரி. இந்தா இருக்கு பாருங்க, ப்ராசஸர், இதுதான் உங்க மோட்டார். கிராபிக்ஸ் கார்டுதான் கல்லு. திரையில படத்தை அரைச்சுத் தள்ளுறது அது. மோட்டார் பெருசா இருந்து கல்லு தேஞ்சிருந்தா என்ன ஆகும்?"

"சத்தம்தான் வரும், மாவு வராது."

"கல்லு பெருசா இருந்து மோட்டார் சின்னதா இருந்தா?"

"மோட்டார் திணறும்."

"அவ்வளவுதான் அண்ணா, பாதிப் பேருக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கவே எனக்கு அரைநாள் ஆகும். ரெண்டும் ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகணும். ப்ராசஸர் கொஞ்சம் பழசு போதும். காசை கார்டுல போடுங்க. ரேம் ரெண்டு குச்சி போட்டுக்கலாம், அது தானியம் கொட்டுற தொட்டி மாதிரி, சின்னதா இருந்தா நின்னு நின்னு கொட்டணும்."

பவர் சப்ளை என்று ஒரு பெட்டியை எடுத்தவர், அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். "இது மட்டும் பழசு வேண்டாம். புதுசா வாங்கிடுங்க. கண்டதைப் போட்டா ஒருநாள் அது மட்டும் போகாது, எல்லாத்தையும் சேத்துக் கூட்டிக்கிட்டுப் போயிடும்." இதற்கு மில்காரர் பேரமே பேசவில்லை. ஒருமுறை மட்டமான ஸ்டார்ட்டரை மாட்டி மோட்டாரே கருகிப்போய், வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தவர் அவர்.

தூசியைப் பற்றி அவரே கேட்டார். முன்பக்கம் வலை வைத்த கேபினட்டாகப் பார்த்துக் கொடுத்தார் அந்த அம்மாள். வாரத்துக்கொருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடச் சொன்னார். கார்டு இரண்டு இருந்தன. இரட்டை விசிறி வைத்த பெரியதையும் ஒற்றை விசிறிச் சின்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குட்டியின் கை தானாகப் பெரியதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தது. மில்காரர் அதைக் கவனித்தார். கணக்குப் பார்த்ததில் கையிலிருந்த காசுக்குப் பெரியதே கட்டிவந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கடைசியா ஹெட்செட்" என்று சொல்லி ஒன்றை நீட்டினார் கடைக்கார அம்மாள். காதில் மாட்டுவதோடு சேர்ந்து வாய்க்கு நேராக ஒரு மெல்லிய குச்சி நீண்டிருந்தது. மில்காரர் அந்தக் குச்சியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இதுலயா பேசணும்?"

"ஆமா. வாய்கிட்டயே இருக்கும். அதனால அவங்க பேசுறதை மட்டும் எடுக்கும், வேற எதையும் எடுக்காது."

"மெதுவாப் பேசினா?"

"கொஞ்சம் வாய்விட்டுப் பேசினா நல்லது."

அங்கேதான் அவர் முகம் மாறியது. இவ்வளவும் வாங்குவது அந்தக் குரலுக்காக. அந்தக் குரலையே இந்தத் தீக்குச்சி கோட்டை விட்டுவிட்டால்? "வீட்ல அவ சத்தமா பேசமாட்டாங்க" என்றார். "மெதுவா பேசினாலும் ஒரு எழுத்து விடாம பிடிக்கிற மாதிரி இருக்கா?"

"இருக்கு. பாட்டுக்காரர் ஒருத்தர் கொடுத்துட்டுப் போனார். மேஜைல வைக்கிற மைக். மூச்சு விட்டாக்கூடப் பிடிக்கும். ஆனா விலை கூட."

இரும்பு அடித்தட்டோடு கனமாக இருந்தது அது. மில்காரருக்குத் தூக்கிப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. அதோடு சேர்த்துக் கொடுத்த சாதா ஹெட்போனை மகள் காதில் மாட்டச் சொன்னார். கடை வாசல்வரை நடந்து போய், முதுகைக் காட்டி நின்று, தனக்கே கேட்காத குரலில் "குட்டி" என்றார். திரும்பிப் பார்த்தால் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். போதாதா அவருக்கு?

"ஒன்னு சொல்லிடுறேன்" என்றார் கடைக்கார அம்மாள், மகளைப் பார்த்து. "இது எல்லாத்தையும் பிடிக்கும். வீடு அமைதியா இருக்குமா பாப்பா?"

குட்டி நிமிர்ந்தாள். உதடு பிரிந்தது. "வீ... வீ..."

"அமைதியான வீடுங்க" என்றார் மில்காரர். "மூணே பேரு. பேச்சுச் சத்தமே இருக்காது."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீடு அவருக்கு அப்படித்தான் இருந்தது. மகள் கையைத் தூக்கி முஷ்டியைச் சுற்ற ஆரம்பித்தாள். அதற்குள் அவர் மைக்கைச் சாக்கில் சுற்றத் திரும்பிவிட்டார். பயிற்சி கொடுக்கிற அம்மா எதைச் செய்யாதே என்று சொல்லி அனுப்பினாரோ அதையே பாசத்தோடு செய்து முடித்துவிட்டார். மைக்குக்காகப் பெரிய கார்டு திரும்ப அலமாரிக்குப் போனது. "சின்ன கார்டுலயும் ஓடும், அழகு கொஞ்சம் குறையும்" என்றார் கடைக்கார அம்மாள். மகள் தலையாட்டினாள். வீட்டில் எதற்கும் மறுத்துப் பழகாத பிள்ளை.

வீட்டில் மனைவி பின்ரூமைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். மாவு வராமலிருக்கக் கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்திருந்தாள். முதல்முறை திரை வெளிச்சம் போட்டபோது மூன்று பேர் முகத்திலும் நீலமாக அடித்தது. மில்காரர் ஏதோ தானே செய்த பொருளைப் பார்ப்பதுபோல் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு சாக்கு காத்துக்கிடக்கிறது என்று மில்லுக்குப் போய்விட்டார்.

இரண்டு மூன்று நாள் கழித்து மனைவி மில்லுக்குள் வந்தாள். கையால் பேசவில்லை. அவர் காதருகில் வாயை வைத்துக் கேட்டாள்.

"அவ பேசுறாளா?"

"கேம் நல்லா ஓடுதே."

"நான் அதைக் கேக்கல. அடுப்படியில நின்னு பாத்துட்டுத்தான் இருக்கேன். முதல் நாள் ரெண்டு வார்த்தை பேசினா. அப்புறம் அந்த மைக்குல ஒரு பட்டனை அமுக்கினா. இன்னைக்குவரைக்கும் உதடு அசையல. என்னடின்னு கேட்டா கையைத்தான் ஆட்டுறா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஏதோ போட்டியாம். பேசாத ஆள் கட்சிக்கு வேண்டாம், இவளுக்குப் பதிலா வேற பிள்ளையைச் சேத்துக்கப் போறாங்களாம். இதையும் கையாலதான் சொன்னா."

மில்காரருக்குப் பகீரென்றது. மைக்தான் பழுது, பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டாள் அந்த அம்மாள் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நின்ற இடத்திலேயே போனை எடுத்துக் கடைக்கு அடித்தார்.

"மைக் வேலை செய்யலைங்க."

"என்னது? அண்ணா, முதல்ல அந்த லாரியை விட்டு இறங்கி வாங்க. ஒன்னுமே கேக்கல."

"லாரி எங்க இருக்கு? நான் வீட்லருந்து பேசுறேன்."

"அந்தச் சத்தம் உங்க வீட்லயா அண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார் கடைக்கார அம்மாள்.

மில்காரர் போனைக் காதிலிருந்து எடுத்தார். பெல்ட் அடித்துக்கொண்டிருந்தது. கல் உறுமிக்கொண்டிருந்தது. சல்லடைத் தகரம் நடுங்கிக்கொண்டிருந்தது. பலகைச் சுவர், ஜன்னல் கண்ணாடி, காலுக்குக் கீழே தரை எல்லாம் கூடவே அதிர்ந்தன. இத்தனை நாள் இது எங்கே இருந்தது? இதற்குள் வைத்துத்தான் ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறோம் என்று நினைத்தபடி அதிர்கிற பலகைச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார்.

"மைக்கை மாத்திக்கலாம் அண்ணா, இது மில் சத்தத்தையும் சேத்துப் பிடிக்கும், அந்தக் குச்சி ஹெட்செட்தான் உங்களுக்குச் சரி" என்று அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. "திங்கட்கிழமை கொண்டுவாங்க. நாளைக்குக் கடை லீவு."

மில்லுக்கு வாரத்தில் கூட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். வாசலிலிருந்து தெருவரை சாக்குகள் வரிசை கட்டியிருந்தன. ஹோட்டல்காரர் ஒருத்தர் மூன்று மூட்டை கோதுமையோடு முதல் ஆளாக நின்றார். போட்டி ஆரம்பிக்கிற நேரத்துக்கு மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மில்காரர் முதல் மூட்டையைத் தொட்டியில் பாதி கொட்டியிருந்தார். மீதியை அப்படியே சாய்த்து வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தினார்.

பெல்ட் தளர்ந்து நின்றது. பிறகு தெருவில் நின்றவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"கரண்ட் போச்சா?" என்றார் ஹோட்டல்காரர்.

"இல்லைங்க."

"பெல்ட்டா?"

"இல்லைங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"என்ன பொறுக்கிறது? மத்தியானத்துக்கு மாவு வேணும், கடையில ஆள் உக்காந்திருக்கும்."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பட்டன் அமுங்குகிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு குரல். "நா... நான்தான். இப்பக் கேக்குதா?" கரகரப்பான குரல். "சரி, மேல் மாடிக்கு யாரும் போகாதீங்க, நான் சொல்றேன்." அடுப்படியில் மனைவி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹோட்டல்காரருக்கு இதெல்லாம் தெரியாது. "என்னய்யா இது, சின்னப் பிள்ளை விளையாட்டுக்கா மில்லை நிறுத்தி வச்சிருக்க? நான் வேற மில்லுக்குப் போகவா?" என்று குரலை உயர்த்தினார்.

உள்ளே குரல் நின்றுபோனது. கதவு திறந்தது. ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குட்டி வாசற்படியில் வந்து நின்றாள். அத்தனை கண்ணும் அவள்மேல் திரும்பியது. அவள் கை பாதி எழும்பியது. எழும்பிய கையை அவளே இறக்கிப் பாவாடையில் அழுத்திக்கொண்டாள்.

"இ... இ... இ..."

கழுத்து நரம்பு தெரிந்தது. கண் கலங்கியது. "என்ன, தண்ணி வேணுமா?" என்றார் ஹோட்டல்காரர், அவசரத்தில். மில்காரர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். தன் நாக்கு நுனிவரை வந்து நின்ற வார்த்தையையும் விழுங்கிக்கொண்டார். அந்த நேரம் அவருக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று அவர் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

"இ... இன்னும் கொஞ்ச நேரம் மி... மில்லை ஓட்டாதீங்கப்பா. நான் பே... பேசிட்டிருக்கேன்."

"சரிம்மா" என்றார் மில்காரர், வாயால். "பேசு."

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. சற்று நேரத்தில் திரும்பவும் குரல் வந்தது, இரண்டு இடத்தில் தட்டி, மூன்றாவது இடத்தில் விரட்ட ஆரம்பித்தது. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் நின்ற ஒரு பெண் தன் சாக்கைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். ஹோட்டல்காரர் போவதா நிற்பதா என்று தெரியாமல் தன் மூட்டைகளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார், இந்தத் தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் மில்காரர். "அவ சொல்லுவா."